மழை பெய்தால் காருக்குள் தண்ணீர்: முன் கண்ணாடியில் சிலிகான் அடித்தால் போதுமா?

கேள்வி, 9 அக்டோபர் 2024

ஏழு வருடம் ஆன ஹேட்ச்பேக். நான் இரண்டாவது ஓனர். இரவில் மழை பெய்தால் காலையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடி மேட் ஊறிக் கிடக்கிறது. பிழிந்தால் அரை மக் வரும். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முன் கண்ணாடி ரப்பர் போய்விட்டது, சுற்றி சிலிகான் அடித்தால் நின்றுவிடும், 1,500 ரூபாய் என்கிறார். அடித்துவிடலாமா? மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. கார் சென்னைதான், தெருவில் நிற்கிறது.

9 அக்டோபர் 2024, இரவு

அடிக்காதீர்கள். இன்றைக்கு வேண்டாம்.

போன வருடம் எனக்கும் இதே இடம், இதே தண்ணீர், இதே யோசனை. அடித்தேன். அடுத்த மழைக்கு மேட் அதே மாதிரி நனைந்தது. அது மட்டும் இல்லை, அடித்த சிலிகானைப் பிறகு சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

தண்ணீர் தேங்கும் இடத்தைப் பார்த்து அது நுழையும் இடத்தைச் சொல்ல முடியாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் பக்கவாட்டில் போய், பிறகு கம்பளத்துக்கு அடியில் ஓடி, எங்கே பள்ளமோ அங்கே நிற்கும். நீங்கள் பார்ப்பது அந்தப் பள்ளத்தை.

முதலில் இவற்றைச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டினாலும் நனைகிறதா? கார் மரத்தடியில் நிற்கிறதா? முன் கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா? ஹாரன், ஃபாக் லேம்ப், ஸ்பீக்கர் என்று வெளியில் ஏதாவது மாட்டினீர்களா? நிறுத்துகிற இடம் சமதரையா, சரிவா? கடைசிக் கேள்வியை நான் முன்பெல்லாம் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

9 அக்டோபர் 2024, இரவு, இன்னொன்று

ஏசி விஷயத்தை நாளைக்கே தீர்த்துவிடலாம், செலவே இல்லை. வெயில் நேரத்தில் ஏசியை முழு வேகத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, காருக்கு அடியில் பாருங்கள். சென்னை ஈரக்காற்றுக்குச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும், தரையில் ஒரு திட்டு ஆகும். சொட்டவே இல்லை என்றால் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் உள்ளேதான் இறங்குகிறது. அதுவும் பெரும்பாலும் உங்கள் இடப்பக்கக் காலடிக்கே வரும். மழைக்காலத்தில் கண்ணாடி மங்கும் என்று எல்லோரும் ஏசி போடுவோம், அதனால் மழையும் ஏசியும் சேர்ந்தே வந்து ஆளைக் குழப்பும்.

11 அக்டோபர் 2024

ஏசி நன்றாகச் சொட்டுகிறது, கார் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது, வெளியில் எதுவும் மாட்டவில்லை என்கிறீர்கள். மரம் என்றதும் எனக்குக் கவுல் மேல்தான் சந்தேகம்.

வைப்பர்களுக்குக் கீழே, பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கருப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதுதான் கவுல். அதற்கு அடியில் காரின் அகலத்துக்கு ஒரு தொட்டி. முன் கண்ணாடியில் விழும் மழை முழுக்க அங்கேதான் போகிறது. இரண்டு ஓரத்திலும் வடிகால் இருக்கும், தண்ணீர் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரைக்கு இறங்கிவிடும். அதே தொட்டியில்தான் காருக்குள் வெளிக்காற்று போகிற வாயும் இருக்கிறது. ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள நம் ஊர்க் கார்களில் அது பெரும்பாலும் இடப்பக்கம். வாயைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். வடிகால் அடைத்தால் தொட்டி நிரம்பும், தண்ணீர் அந்தச் சுவரைத் தாண்டும், புளோவர் (ஏசி காற்றைத் தள்ளும் ஃபேன்) மேல் விழும், அங்கிருந்து உங்கள் மேட்டுக்கு வரும். மேலே கண்ணாடி ஒட்டு கெட்டியாகவே இருக்கும்.

தூங்குமூஞ்சி இலை பொடி இலை. கவுல் மூடியின் துளையில் சல்லடையில் மாவு இறங்குவது போல இறங்கிவிடும். மாவிலை என்றால் மேலேயே நின்றிருக்கும்.

என் காரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 நவம்பர். மூடியைக் கழற்றியதும் முதலில் வந்தது வாசனை, தொட்டிச் செடியைக் கிளறினால் வரும் அந்த வாசனை. இடது மூலையில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்பு மண். மண் அல்ல, மக்கிய இலை, காப்பித் தூள் மாதிரி. அதன் நடுவில் ஒரு வேப்பங்கன்று, ஒரு விரல் உயரம், உச்சியில் செந்தளிர். எங்கள் தெருவில் வேம்பும் தூங்குமூஞ்சியும் சேர்ந்து நிற்கின்றன, காக்கை போட்ட விதையாக இருக்கும். விரலை விட்டுத் துழாவினேன், வடிகால் எங்கே என்றே தெரியவில்லை. கரண்டியால் அள்ளினேன், ஒரு அரிசிப் பை அரைவாசி நிரம்பியது. பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் சளசளவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

பத்துப் பதினைந்து நாளில் மிக்ஜாம் புயல் வந்தது. மேட் காய்ந்தே இருந்தது.

எதையும் கழற்றாமல் நீங்களும் சோதிக்கலாம். கவுலின் இடது ஓரத்தில் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் தரையில் விழ வேண்டும். தயங்கித் தயங்கி விழுந்தால் உள்ளே இலை இருக்கிறது. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள். ஈரமாகவோ சேற்றுக் கறையோடோ இருந்தால் தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது.

13 அக்டோபர் 2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். மூடியைக் கழற்றினேன் என்று ஒரே வரியில் போய்விட்டேன். அதை நம்பி யாராவது கண்ணாடியை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

வைப்பர் கைகளைக் கழற்றினால்தான் மூடி வரும். கழற்றும் முன் வைப்பர் படுத்திருக்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் தப்பும். நட்டைக் கழற்றிய பிறகும் கை இறுகிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடியில் முட்டுக் கொடுத்து நெம்பாதீர்கள். நட்டை இரண்டு சுற்று விட்டு வைத்து, கையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாலே விட்டுக்கொடுக்கும். கண்ணாடி மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் கை தப்பி அடித்தால் கண்ணாடி போய்விடும்.

வடிகாலின் வாயில் சில கார்களில் ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும், நுனி ஒட்டினாற்போல. அதன் உள்ளேயும் சேறு உட்காரும். பிதுக்கி விடுங்கள். பிய்த்து எறிய வேண்டாம்.

15 அக்டோபர் 2024

காலையிலிருந்து விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் இந்த வருடமும் கார்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த பயம் போகாது, அதில் தப்பே இல்லை.

நான் எழுத வந்தது வேறு. மதியம் என் காரைத் திறந்தேன். முன்பக்கம் காய்ந்திருக்கிறது. பின் சீட்டின் இடது காலடியில் தண்ணீர். போன வருடம் இங்கே ஒரு சொட்டு இல்லை. மேட்டைத் தூக்கினால் கீழே கம்பளம் சதசதவென்று இருக்கிறது. ஈரம் கதவுப் பக்கம் குறைவு, நடுமேட்டுப் பக்கம் (காரின் நடுவில் நீளவாக்கில் எழும்பி நிற்கும் தரை மேடு) அதிகம்.

கவுலைச் சுத்தம் செய்ததோடு என் காரின் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. மழை விட்டதும் பார்க்கிறேன். செய்தித்தாளை நாலாக மடித்து ஏழெட்டு இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

17 அக்டோபர் 2024

நேற்று மழை விட்டது, சோதனை போட்டேன். பலன் இல்லை. ஆனால் சோதனை முறை பலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது. டார்ச்சோடு பின் சீட்டில் உட்காரவைத்துக் கதவை மூடினேன். வெளியிலிருந்து ஓஸில் தண்ணீர் விட்டேன். ஓஸ் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சக்கூடாது, மழை மாதிரி வழியவிட வேண்டும். வாட்டர் வாஷ் கன் கூடவே கூடாது. அந்த வேகத்துக்கு நல்ல பீடிங்கே (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) வழிவிடும், இல்லாத ஓட்டையைத் தேடி அலைவோம்.

கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, ஐந்து நிமிடம். பிறகு கதவின் நடு, பிறகு கண்ணாடி விளிம்பு, கடைசியாகக் கூரை. கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்துவிடும், எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பையனை வெளியே வரச்சொல்லிக் காற்று வாங்கவிட்டேன். மூடிய காருக்குள் புழுக்கம் தாங்காது, சிறுவர்களை வைத்துச் செய்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

நாற்பது நிமிடம். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தும் பார்த்தேன். கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் பிடித்து இழுத்துத்தான் வந்தது. பீடிங் நன்றாக இருக்கிறது.

17 அக்டோபர் 2024, இரவு

படுத்த பிறகுதான் உறைத்தது. சோதனை போட்டது அக்கா வீட்டு வாசலில், சிமெண்ட் தரையில். எங்கள் தெருவில் என் கார் நிற்பது அப்படி இல்லை. இடப்பக்கச் சக்கரம் இரண்டும் நடைமேடை விளிம்பில் ஏறி நிற்கும், அப்போதுதான் தண்ணீர் லாரி போக வழி கிடைக்கும். அதாவது மழை பெய்த ராத்திரி முழுக்க கார் வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது.

நாளை அதே சாய்வில் வைத்து மறுபடியும்.

18 அக்டோபர் 2024

கிடைத்தது.

காரை வழக்கம்போல விளிம்பில் ஏற்றினேன். மேட்டை எடுத்துவிட்டு, கதவின் உள் அடியிலும் நிலைப்படி மேலும் கம்பள ஓரத்திலும் கோலமாவைக் காய்ந்த பிரஷ்ஷால் மெல்லிசாகத் தூவினேன். கறுப்பு கம்பளத்தில் வெள்ளைப் பொடி, சொட்டு விழுந்தால் தப்பவே முடியாது. பின் இடது கதவின் கண்ணாடி மேல் தண்ணீரை வழியவிட்டேன். ஏழாவது நிமிடம் உள்ளேயிருந்து, "மாமா, இங்க கோடு மாதிரி வருது!"

கதவைத் திறந்து பார்த்தேன். கதவின் உள்பக்க உறையான டோர் பேடின் கீழ் விளிம்பில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே, கோலமாவில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம். தடம் நிலைப்படி பீடிங்கின் உள்பக்கம் இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டது. கார் வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் தண்ணீர் நடுமேடு வரை ஓடிப் போய் நின்றிருக்கிறது. அதனால்தான் கதவுப் பக்கம் ஈரம் குறைவு. நானோ நடுமேட்டுப் பக்கம் ஈரத்தைப் பார்த்து, அடிப்பக்க ரப்பர் மூடி ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்க் கதவு உள்ளே நனையாது என்று பலர் நினைக்கிறார்கள். நனையும். நனையும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். கண்ணாடி ஏறி இறங்கும் பிளவில் உள்ள ரப்பர் தண்ணீரை வழிக்க மட்டும்தான் செய்யும், அடைக்காது. மழை கண்ணாடியோடு வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். கதவின் உள் தகட்டில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினை மாட்டுவதற்காகப் பெரிய பெரிய ஓட்டைகள் உண்டு. அவற்றை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அந்தத் தாள்தான் கதவுக்கு உண்மையான மழைத்தடுப்பு. அலங்காரத்துக்கு மேலே தெரியும் டோர் பேடுக்கு அந்த வேலை இல்லை.

டோர் பேடைக் கழற்றினேன். ஜூலையில் இந்தக் கதவின் கண்ணாடி மெஷின் மாற்றினேன், ஒரு கடையில். தாளைக் கிழித்து வேலையை முடித்துவிட்டு, கிழிசலில் செலோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் சுருண்டு ஒரு ஓரம் தொங்குகிறது. கீழ் விளிம்பில் பசையே இல்லை. சமதரையில் தண்ணீர் நேராக அடிக்குப் போய்த் துளையில் வெளியேறிவிடுகிறது. கார் வலப்பக்கம் சாய்ந்தால் இடது கதவின் வயிற்றில் தண்ணீர் உள் தகட்டோரமாக வரும், தாள் மேல் சாயும், கிழிசலில் வெளியே வரும்.

அடுத்த முறை கண்ணாடி மெஷினோ ஸ்பீக்கரோ மாற்றக் கொடுத்தால் பக்கத்தில் நின்று இந்த ஒன்றை மட்டும் பாருங்கள். தாளைப் பசையோடு மெதுவாக உரித்து, அதே பசையில் திரும்ப அழுத்தி ஒட்ட வேண்டும். உரிக்கிற நேரம் கிழிக்கிற நேரத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

20 அக்டோபர் 2024

சரிசெய்த விதம். பழைய தாளை எடுத்துவிட்டு, தடித்த பாலித்தீன் ஷீட்டில் அதே அளவுக்கு வெட்டினேன். கதவுக் கைப்பிடிக் கம்பிக்கும் ஒயருக்கும் மட்டும் சின்னக் கீறல். ஒட்டுவதற்கு ப்யூட்டைல் டேப். சுருளாகக் கிடைக்கும், கறுப்பாக, பிசின் மாதிரி, காயவே காயாது, அதுதான் அதன் நல்ல குணம். தகட்டை முதலில் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்டினேன். கீழ் விளிம்பில் இடைவெளியே இல்லாமல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். செலவு 400 ரூபாய்க்குள்.

கதவின் அடித் துளைகளையும் அப்போதே குத்திவிட்டேன். துடைப்பக் குச்சி போதும். கம்பியால் குத்தினால் பெயிண்ட் போய்த் துரு பிடிக்கும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சலக் சலக் என்று சத்தம் கேட்டால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன.

23 அக்டோபர் 2024

ஓட்டையை அடைத்தாயிற்று, மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் முடை நாற்றம் போகவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு மட்டும் அல்ல, பாதிப்பேர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

கம்பளம் மேலே காய்ந்துவிடும். அதற்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சும் பஞ்சும் கலந்த மெத்தை ஒன்று உண்டு, சத்தத்தைக் குறைக்க. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும். மேலிருந்து எவ்வளவு ஃபேன் போட்டாலும் எட்டாது. முள்ளங்கியை உரசினாற்போல் ஒரு வாசனை வந்தால் அடியில் பூஞ்சை வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இது. நிலைப்படி பிளாஸ்டிக்கை எடுத்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு மெத்தையை அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் பொங்கி வந்தது. பழைய பனியன் துணியை வைத்து அழுத்தி அழுத்திப் பிழிந்ததில் ஒன்றரை லிட்டர் பாட்டில் நிறைந்தது. கம்பளத்தின் மேல்பக்கம் அப்போது வெறும் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பிறகு கம்பளத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு செங்கல்லை வைத்துத் தூக்கிப் பிடிக்கவிட்டு, டேபிள் ஃபேனை அந்த இடைவெளிக்குத் திருப்பி நான்கு நாள். ஐப்பசி மாதத்தில் வெயிலை நம்ப முடியாது. நான்காம் நாள் செய்தித்தாளை உள்ளே செருகி இரவெல்லாம் வைத்து எடுத்தேன், சுருங்காமல் மொறமொறப்பாக வந்தது. அதன் பிறகுதான் மூடினேன்.

சூடமும் சாம்பிராணியும் வாசனைக்கு நல்லவைதான், ஈரத்தை எடுக்காது.

முன் சீட்டைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் காத்திருந்து பிறகுதான் தொட வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கம்பளத்துக்கு அடியில் வேறு ஒயர் கனெக்டர்களும் ஓடுகின்றன. என் காரில் ஒன்றைத் திறந்தால் பித்தளைப் பின் பச்சை பூத்திருந்தது. பின் கதவின் சென்ட்ரல் லாக் சில நாட்களாக ஏன் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்தது என்று அப்போது புரிந்தது. வெளியே தெரியும் ஈரத்தைவிட இந்தப் பச்சைதான் காருக்குப் பெரிய செலவு வைக்கும்.

2 நவம்பர் 2024

சன்ரூஃப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சன்ரூஃப் ரப்பரும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. சுற்றிலும் ஒரு தட்டு, நாலு மூலையிலும் வடிகால் குழாய், முன் தூண்களிலும் பின் தூண்களிலும் ஓடிக் கீழே இறங்கும். குழாய் அடைத்தால் கூரைத் துணி ஓரத்திலும் விளக்குப் பக்கத்திலும் கறை தெரியும். புல்வெட்டி மெஷினில் போடும் நைலான் நரம்பை மெல்ல உள்ளே விட்டு எடுங்கள். கம்ப்ரசர் காற்றை அடித்தால் குழாய் இணைப்பு உள்ளுக்குள்ளே கழன்றுவிடும். அப்புறம் கூரையையே இறக்க வேண்டிவரும்.

24 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் இன்று எழுதியதைப் பார்த்தேன். கவுலைச் சுத்தம் செய்தார், நிறைய இலை வந்தது, ஒழுகல் பாதியானது, முழுதாக நிற்கவில்லை. நேற்று அவருடைய மகள் கவுல் மேல் தண்ணீர் ஊற்ற, இவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். ஒரு சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு சொட்டு ஓடி வந்திருக்கிறது. இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் இடத்தில் ஒயர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டைக் கத்தியால் கீறி அந்த ஒயரை நுழைத்திருக்கிறார்கள். ஹாரன் ஒயர். முதல் ஓனர் போட்டது.

அப்படியானால் முதல் நாள் என் கேள்விதான் தப்பு. "நீங்கள் ஏதாவது மாட்டினீர்களா" என்று கேட்டேன், அவர் இல்லை என்றார், அது உண்மை. "காரில் கம்பெனி போடாத ஒயர் எதுவும் உள்ளே வருகிறதா" என்று கேட்டிருக்க வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒயரின் கனத்துக்குச் சரியான குரோமெட் வாங்கிப் போடுங்கள், சுற்றி ப்யூட்டைல் வையுங்கள். கூடவே ஒயரை ஓட்டைக்குள் விடும் முன் இன்ஜின் பக்கம் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். ஒயரோடு வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், மேலேறி ஓட்டைக்குப் போகாது. வீட்டுச் சுவருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் எலக்ட்ரீஷியன் செய்வாரே, அதே வளைவுதான்.

1 டிசம்பர் 2024

நேற்று நாள் முழுக்க ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடினார்கள். இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. காரை அதே விளிம்பில், அதே சாய்வில்தான் நிறுத்தினேன், வேண்டுமென்றே. காலையில் டார்ச்சோடு போனேன். முன்னால் இரண்டு செய்தித்தாள், பின்னால் இரண்டு. நான்கும் காய்ந்திருந்தன.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினால் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அங்கே செய்தித்தாள் போட மறந்திருந்தேன், அதனால் எந்த மழையில் வந்தது என்று சொல்ல முடியாது. இடது டெயில் லேம்ப் கேஸ்கெட் (லேம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரைத் தடுக்கும் பட்டை) மேல் சந்தேகம், லேம்புக்குக் கீழே பெயிண்டில் மங்கலாக ஒரு நீர்க்கோடு. பின் பம்பருக்கு உள்ளே காற்று வெளியேறும் ரப்பர் மடிப்புகள் இருக்கும், அவையும் சந்தேகப் பட்டியலில்.

14 டிசம்பர் 2024

12ஆம் தேதி மழையில் கோலமாவு பதில் சொல்லிவிட்டது. டெயில் லேம்ப்தான். மூன்று நட்டு, லேம்ப் வெளியே வந்தது, கேஸ்கெட் ஒரு மூலையில் அப்பளம் மாதிரி தட்டையாகி இருந்தது. புது கேஸ்கெட் 180 ரூபாய்.

முக்கியமானது இனிமேல்தான். முன் கண்ணாடியைப் பற்றி நான் அக்டோபரில் எழுதியதை ஒருவர் நம்பி, அந்தப் பக்கம் பார்க்காமலே ஒரு மாதம் அலைந்திருக்கிறார். அவருடையது கல் பட்டு உடைந்து மாற்றிய கண்ணாடி. அப்படிப்பட்ட காருக்கு நான் சொன்ன வரிசை பொருந்தாது. ஒரு முறை மாற்றிய கண்ணாடி என்றால் அதையே முதலில் பாருங்கள். கண்ணாடியை ஒட்டுவது பாலியூரித்தேன் பசை. பழைய பசையை ஒழுங்காகச் சீவாமலோ, தூசி மேலோ ஒட்டியிருந்தால் ஒரு மூலை பிடிக்காது. காயும் முன் காரைக் குலுக்கி ஓட்டினாலும் அப்படித்தான்.

அவர் கண்டுபிடித்த முறை அருமை. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் புளோவரை முழு வேகத்தில் வைத்து, வெளியே கண்ணாடி விளிம்பில் சோப்பு நுரையைத் தடவியிருக்கிறார். வலது மேல் மூலையில் குமிழி குமிழியாகப் பொங்கியிருக்கிறது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் ஓட்டை வழியாக வெளியே வரத்தானே வேண்டும். உள்சுழற்சியில் வைத்தால் இது வேலை செய்யாது.

சிலிகானைப் பற்றி ஒரு வார்த்தை. அடிக்கும்போது வினிகர் வாசனை வருகிற வகை தகட்டை அரிக்கும். போன வருடம் நான் சுரண்டி எடுத்த இடத்தில், கண்ணாடி விளிம்புத் தகட்டில், அரை அங்குலத்துக்குத் துரு ஓடியிருந்தது. கீறி, தேய்த்து, பிரைமர் அடித்து இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். ஒழுகாத கண்ணாடிக்கு நான் தேடிக் கொடுத்த துரு அது. அதனால்தான் முதல் நாள் அவ்வளவு அவசரமாக வேண்டாம் என்றேன்.

20 டிசம்பர் 2024

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: வெள்ளத்தில் மூழ்கினால் முழு பாலிசியில் உண்டு. பீடிங் தேய்ந்தோ கேஸ்கெட் போயோ ஒழுகினால் அது தேய்மானக் கணக்கு, கிடைக்காது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் அதுவும் கிடைக்காது, இன்ஜினுக்கென்று தனி ஆட்-ஆன் வேண்டும். தண்ணீர் இன்ஜின் வரை ஏறியிருந்தால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

18 ஜனவரி 2025

கேள்வி கேட்டவரின் காரில் குரோமெட் போட்ட பிறகு இரண்டு மழை தாங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. மெத்தையைத் தூக்கிக் காயவைத்தீர்களா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து பாருங்கள், அந்தப் பக்கம்தான் உங்கள் ஒயர் கட்டும் ஓடுகிறது.

கவுலை எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் அக்டோபர் கடைசியில் சுத்தம் செய்தேன், மறுபடி திறந்தது நேற்று. இடது மூலையில் இரண்டு கைப்பிடி இலை, பாதி மக்கியது. வடிகால் திறந்தே இருந்தது. மரத்தடியில் நிறுத்துபவர்கள் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். மாசியில் வேம்பு உதிர ஆரம்பித்துவிடும், நான் பங்குனியில் இன்னொரு முறை திறந்து பார்த்து எழுதுகிறேன்.